ஸ்லாக்கில் ஒரு புது ஆள்

எங்கள் குழு அலுவலகப் பேச்சுக்கு வைத்திருக்கும் ஸ்லாக் என்ற அரட்டைத் தளத்தில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை இணைத்திருக்கிறோம். அதற்கான செயலியைப் பதிவு செய்து, டோக்கன் என்கிற அனுமதிச் சாவியை வாங்கி, சேனலுக்குள் (குழு அரட்டை அறைக்குள்) அழைத்தால் வந்துவிடுகிறது. சூட்சுமம் வேறு இடத்தில். யாராவது கூப்பிட்டார்கள் என்பதுபோல ஸ்லாக் அனுப்பும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நம் செயலி 3 விநாடிக்குள் "கிடைத்தது" என்று சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அதையே மறுபடி அனுப்பும். உள்ளே இருந்து பதில் எழுதும் மொழி மாதிரியோ சாவகாசமாக யோசிக்கிற ரகம். விட்டால், பந்தியில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் பரிமாறுவதுபோல ஒரே கேள்விக்கு மூன்று பதில்கள் வந்து விழும். முதலில் தலையாட்டிவிட்டு, பதிலைப் பிறகு த்ரெட்டில், அதாவது அந்தக் கேள்விக்குக் கீழேயே, போடுவதுதான் முறை.

அனுமதி விஷயத்தில் நான் கறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அதன் காதில் விழட்டும். எங்கள் வம்புப் பேச்சையெல்லாம் அது எதற்குப் படிக்க வேண்டும்?

மேலாளர் ஒவ்வொரு பதிலுக்கும் "நன்றி தம்பி" என்று எழுதுகிறார்.