அரிட்டாபட்டியின் பாறைக்குன்றுகள்

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியின் குன்றுகள் உயரத்தால் எவரையும் வியக்கவைப்பவை அல்ல. ஆயினும் அந்த வெற்றுப் பாறைகளில் விழும் மழைநீர் வழிந்தோடிச் சுனைகளையும் கண்மாய்களையும் நிரப்பி, கீழேயுள்ள வயல்களுக்குப் பாய்வதால்தான் சுற்றியுள்ள ஊர்களில் வேளாண்மை நிலைத்திருக்கிறது என்பதை அங்கு செல்லும் ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.

இக்குன்றுகளில் ஒன்றான கழிஞ்சமலையின் குகைத்தளத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் உள்ளன. அருகில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும், முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும், அதில் சிவனின் அவதாரமாகக் கருதப்படும், தமிழகத்தில் அரிதாகவே காணப்படும் இலகுலீசர் உருவமும் இருக்கின்றன. என்னை மிகவும் ஈர்ப்பவை பாறை இடுக்குகளில் வாழும் லகுடு வல்லூறும் ராசாளிக் கழுகும்தான்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலப்பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னும், இப்பகுதியை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் என்னும் உலோகத்தை எடுக்கும் சுரங்கத்திற்காக ஏலம் விடப்பட்டது எனக்கு மிகுந்த வேதனையளித்தது. 2025 ஜனவரியில் மேலூர் வட்டாரத்து மக்கள் பெருந்திரளாக மதுரை நோக்கிப் பேரணி சென்றனர். அம்மாதமே ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.