நாலாவது சீட்டு

மும்பைல மழை கொஞ்சம் பலமா பெஞ்சா போதும், மறுநாளே டிவில "மும்பை ஸ்பிரிட்"னு, என்ன ஆனாலும் எந்திரிச்சு வேலைக்குப் போயிடற ஊருன்னு பெருமை பேச ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும்.

2005 ஜூலை 26, சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டுச்சே, அப்போ எனக்கு பதினோரு வயசு, தாராவில இருந்தோம். தோல் பை டெலிவரி குடுக்க சாக்கிநாக்கா போன அப்பா, ட்ரெயின் நின்னு பஸ்ஸும் நின்னு மித்தி ஆறு ரோட்டுக்கே ஏறி வந்து, குர்லா பக்கம் இடுப்பளவு தண்ணில நடந்து மறுநாள் காலைலதான் வீடு வந்து சேர்ந்தாரு. ரெண்டு நாள்ல திரும்ப வேலைக்குக் கிளம்பிட்டாரு. பேப்பர்ல ஸ்பிரிட்டுன்னு போட்டிருக்குப்பான்னு நான் சொன்னதுக்கு, "என்ன ஸ்பிரிட்டு, போவலேன்னா கூலி கிடையாதுல்லா"ன்னாரு. ஆனா அதுக்கப்புறம் பல வருஷம், ராத்திரி தகரத்துல மழை விழுற சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. ஏன்னு நாங்க யாரும் கேட்டதில்ல. தெருவுல அவருக்கு "கல்லு மாதிரி ஆளு"ன்னு பேரு.

நானும் அப்படி ஒரு கல்லாத்தான் இருக்கப் பாத்தேன். கல்யாணமாகி டோம்பிவிலில வீடு, ஃபோர்ட்ல அக்கவுண்ட்ஸ் வேலை, தினமும் லோக்கல் ட்ரெயின், மார்ச் மாசம் வந்தா இயர் எண்ட் க்ளோசிங், வீட்டுல மாமியாருக்கு முட்டி ஆபரேஷன், பொண்ணுக்கு பரீட்சை. எப்படி இருக்கேன்னு யாரு கேட்டாலும் "சூப்பரா இருக்கேன்"தான். ஒரு நாள் தாதர் பிரிட்ஜ் மேல கூட்டத்துக்கு நடுவுல நெஞ்சை அழுத்திப் பிடிச்ச மாதிரி ஆச்சு, கை மரத்துப் போச்சு, செத்தேன்னே நினைச்சேன். ஈசிஜி நார்மல். பேனிக் அட்டாக்னு டாக்டர் சொன்னப்போ எனக்கு நிம்மதிய விட வெக்கம்தான் அதிகமா வந்துச்சு, சத்தியமா.

அந்த டாக்டர் சொல்லிக்குடுத்த ஒண்ணு மட்டும் இன்னைக்கும் செய்யறேன். மூச்சை உள்ள இழுக்கும்போது இதயத்துடிப்பு லேசா ஏறுமாம், விடும்போது இறங்குமாம், அதனால இழுக்கறதை விட விடறதை நீளமா வெச்சுக்கணும். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடறேன். ஃபாஸ்ட் ட்ரெயின் குர்லா விட்டா சயான், மாட்டுங்கா எதுலயும் நிக்காம தாதர் போயிடும், அந்த கேப்தான் எனக்கு டைம். இதுல பிரச்சனை ஒண்ணும் தீராது, மாமியார் முட்டி முட்டிதான், படபடப்பு மட்டும் இறங்கும்.

நிஜமா என்னைத் தூக்கி விட்டது ட்ரெயின்தான். மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒருத்தருக்கு நகர்ந்து இடம் குடுக்கறது நம்ம லோக்கல்ல எழுதாத சட்டம், பாதி உடம்பு வெளியதான் இருக்கும், ஆனாலும் சீட்டு சீட்டுதான். லேடீஸ் பெட்டில தினமும் பாக்கற ஒரு அக்கா, நம்ம நெல்லைக்காரங்கதான், ஒரு நாள் நகர்ந்து உக்கார வெச்சு "ஏ பிள்ள, ஒரு வாரமா மூஞ்சியே சரியில்லையே"ன்னாங்க. அவ்வளவுதான், முல்லுண்ட் வர்ற வரைக்கும் அழுதேன். அவங்க அட்வைஸ் எதுவும் பண்ணல, கொய்யாக்கா வெட்டி உப்புக்காரம் போட்டுக் குடுத்தாங்க. அவங்கதான் 14416ங்கற நம்பரையும் குடுத்தாங்க, மனசு சரியில்லாதப்போ கூப்பிட்டுப் பேச 2022ல அரசாங்கம் ஆரம்பிச்ச டெலி மானஸ் ஹெல்ப்லைன், காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் கூப்பிடலாம், தமிழ்லயும் பேசலாம். நான் ரெண்டு தடவை பேசியிருக்கேன்.

அப்புறம் ஒரு நாள் தூக்கம் வராம படிச்சுக்கிட்டு இருந்தப்போ எம்மி வெர்னர்ங்கற சைக்காலஜிஸ்ட் பத்திக் கண்ணுல பட்டுச்சு. ஹவாய்ல கவாய்னு ஒரு தீவு, அங்க 1955ல பொறந்த 698 பிள்ளைங்கள அவங்க நாப்பது வயசு ஆகற வரைக்கும் விடாம கவனிச்சிருக்காங்க. வறுமை, சண்டை, குடின்னு ரொம்ப மோசமான வீட்டுல வளந்ததுங்கள்லயும் மூணுல ஒரு பங்கு நல்லாவே தலையெடுத்திருக்கு, அதுங்ககிட்ட பொதுவா இருந்த விஷயங்கள்ல ஒண்ணு, பாட்டியோ டீச்சரோ பக்கத்து வீட்டுக்காரங்களோ, உறுதியா கூட நின்ன ஒரே ஒரு பெரியவங்க. படிச்சதும் எனக்கு கொய்யாக்காதான் ஞாபகம் வந்துச்சு (நான் ஒண்ணும் குழந்தை இல்ல, தெரியும்).

போன மாசம் அப்பா வந்திருந்தாரு, நல்ல மழை. டீ குடுத்துட்டு சும்மா கேட்டேன், அன்னைக்கு தண்ணில என்னப்பா ஆச்சுன்னு. கொஞ்ச நேரம் டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, தலைல வெச்சிருந்த பை மூட்டைய விட்டுட்டாராம், முன்னாடி போன யாரோ ஒருத்தர் தோளைப் பிடிக்கறதுக்கு ரெண்டு கையும் வேணும்னு. அந்தத் தோல் பைகளுக்கான காசை அம்மாவுக்குக் கூட தெரியாம பதினாலு மாசம் கூலில கழிச்சிருக்காங்க. அந்த ஆளு மொகத்தையே பாக்கலையாம், "சல், சல்"னு ஹிந்தில சொல்லிக்கிட்டே போனாராம், சட்டை மட்டும் நீலக் கட்டம்னு ஞாபகம் இருக்காம்.

இன்னொரு டீ போடச் சொன்னாரு.