சினிமா படிக்கச் சின்னக் கல்லூரி: கருவிப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

இறுதியாண்டு முடிவுகள் போன வாரம் வந்துவிட்டன. டிப்ளமோ படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறது. மனசு லேசாக இருக்கும்போதே இதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. பெரிய இடம், சின்ன இடம் இரண்டின் தேர்வுப் பட்டியலிலும் பெயர் வந்து, எதில் சேருவது என்று தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எழுத்துத் தேர்வு, போர்ட்ஃபோலியோ, நேர்முகம் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டீர்கள், அதனால் அவற்றைத் தொடவில்லை.

என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கருவிப் பதிவேடு. கேமராவை யார் எடுத்தார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று கையெழுத்து வாங்கும் நோட்டு அது. கல்லூரியைச் சுற்றிக் காட்டும்போது ஸ்டுடியோவையும் திரையரங்கையும் காட்டுவார்கள். அதெல்லாம் சரி, அந்த நோட்டைக் கேளுங்கள். முதலாண்டு மாணவர்களின் கையெழுத்து அதில் இருக்கிறதா? சனி, ஞாயிறு கருவி வெளியே போகிறதா? ஒரு கேமரா திரும்பி வந்த பிறகு எத்தனை நாள் அலமாரியில் தூங்குகிறது?

நான் இரண்டு இடத்திலும் கேட்டுப் பார்த்தேன். பெரிய இடத்தில் கேமராக்கள் புத்தம் புதியவை, ஆனால் பதிவேட்டில் முதலாண்டுக் கையெழுத்து கிட்டத்தட்ட இல்லை. சின்ன இடத்தில் இருந்தவை பழைய கேமராக்கள், பையின் ஜிப் வேறு போயிருந்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் முதலாண்டுக்காரர்களின் கிறுக்கல் கையெழுத்து. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கணக்கும் எளிதுதான். 60 பேருக்கு 4 கேமரா என்றால் ஒன்றுக்கு 15 பேர். 12 பேருக்கு 2 கேமரா என்றால் ஒன்றுக்கு 6 பேர். விளம்பரத் தாளில் 4 என்ற எண் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

கருவி குறைவாக இருக்கிறதே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வரலாறு. உலகின் முதல் திரைப்படப் பள்ளி 1919-இல் மாஸ்கோவில் தொடங்கியது. அப்போது அங்கே கச்சா ஃபிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. அங்கே பாடம் நடத்திய இயக்குநர் குலெஷோவின் மாணவர்கள் ஃபிலிமே இல்லாமல், ஷாட் ஷாட்டாகப் பிரித்து மேடையில் நடித்துக் காட்டிப் பழகினார்கள். அந்தப் பட்டறையிலிருந்து புதோவ்கின் போன்ற பெரிய இயக்குநர்கள் வந்தார்கள்.

அடுத்தது எடிட்டிங் அறை. எங்கள் வகுப்பில் ஆசிரியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும் காட்சியில், கை தாழ்ப்பாளைத் தொட்டதும் நான் வெட்டியிருந்தேன். "ஆறு ஃப்ரேம் முன்னாடி வெட்டிப் பாரும்மா" என்றார். நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் அது கால் நொடி. வெட்டினேன். கை தாழ்ப்பாளை எட்டும் முன்பே காட்சி மாறியது. போகிறவள் அவசரக்காரி என்பது அந்தக் கால் நொடியில் தெரிந்துவிட்டது. அதையே திரும்பவும் பின்னால் தள்ளி வைத்து, தயங்குகிறவளாக மாற்றிக் காட்டினார். பெரிய அரங்கில் பின் வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால் குறிப்பெடுத்திருப்பேன், விரலில் ஏறியிருக்காது.

நான் கூட்டத்தில் வாய் திறக்காத ஆள். பன்னிரண்டு பேர் வகுப்பில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது எனக்கு வரமாக அமைந்தது. இன்று நீங்கள் இயக்குநர், நாளை நண்பர் படத்தில் கிளாப் அடிப்பீர்கள், அதற்கடுத்து பூம், அதாவது நீளக் கம்பில் மாட்டிய மைக், பிடிப்பீர்கள். பூம் பிடித்த நாட்களில்தான் எனக்குக் காது திறந்தது. ஷாட் முடிந்ததும் யாரையும் அசைய விடாமல், அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் வசனங்களுக்கு நடுவே சத்தம் பொத்தென்று செத்துப்போகும். நான் ஒளிப்பதிவு, ஒளிப்பதிவு என்று வந்தவள், இப்போது சவுண்ட் பக்கம் போகப் போகிறேன்.

போட்டி இருந்தால்தான் வேகம் வரும் என்கிற ஆளா நீங்கள்? பெரிய இடமே சரி. விஷுவல் எஃபெக்ட்ஸ், அனிமேஷன் மட்டும்தான் குறிக்கோள் என்றாலும் அப்படியே, அதற்கு வலுவான கணினிகள் வேண்டும்.

சின்ன இடத்தின் குறைகளும் உண்டு. முன்னாள் மாணவர்கள் குறைவு, வேலைக்குப் பரிந்துரை செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். நடிக்க வெளியே ஆள் தேட வேண்டும். ஒரு ஆசிரியர் வேலையை விட்டுப் போனால் ஒரு துறையே காலியாகிவிடும். எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கத் திரைக்கதை வகுப்பு நடக்கவில்லை, அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

சேரும் முன் கேளுங்கள்:

- ஒரு மாணவர் படிப்பு முடிவதற்குள் தன் பெயரில் எத்தனை படம் இயக்குகிறார்?
- முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர்? வந்து போகிறவர்கள் எத்தனை பேர்?
- படப்பிடிப்புச் செலவு யாருடையது? லென்ஸ் உடைந்தால் யார் கட்டுவது?
- எடிட்டிங் அறை இரவில் திறந்திருக்குமா?
- எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சில கல்லூரிகளில் மாணவர் எடுத்த படத்தின் உரிமை நிறுவனத்துக்குப் போய்விடும், விழாவுக்கு அனுப்பவும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் 1998 முதல் திரைப்படப் பள்ளி மாணவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அப்படி ஒன்றுக்கு அனுப்பத் தகுதியான படம் கையில் இருந்து, ஒரு கையெழுத்துக்காக அது அலமாரியில் கிடக்கக் கூடாது. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், மூன்றாமாண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, அவர் முதலாண்டில் எடுத்த படத்தையும் கடைசியாக எடுத்ததையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே வளர்ச்சி தெரிந்தால் கட்டணத்தைக் கட்டுங்கள். பதிவேட்டைக் காட்ட மாட்டோம் என்றால், எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும் பட்டியலில் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.