பிப்ரவரியில் எத்தனை லிட்டர்?

எங்கள் மழைநீர்க் கிணறுகளுக்குப் பணம் தந்த நிறுவனத்தின் படிவத்தில், ஒன்பதாவது கட்டத்தில் இப்படி ஒரு கேள்வி இருந்தது: "இத்திட்டத்தால் இதுவரை நிலத்துக்குள் இறங்கிய நீர் எத்தனை லிட்டர்?" அன்று 2025 பிப்ரவரி 18. பூங்காவில் ஏழு கிணறுகளுக்கு உறை இறக்கி முடித்திருந்தோம். வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. பெங்களூரில் மழை நின்று மாதங்கள் ஆகியிருந்தன. வங்கியில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று ஒரு முழு மாலை யோசித்தேன்.

2024 கோடையை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராமமூர்த்தி நகரில் எங்கள் குடியிருப்பின் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளும் அந்த மார்ச்சில் வறண்டன. டேங்கர் லாரிக்காகக் காத்திருந்த நாட்களில்தான், பூங்காவில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகிணறுகள் வெட்டலாம் என்ற பேச்சு வந்தது. குடியிருப்போர் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் வேலை பார்க்கும் நிறுவனம் பணம் தரத் தயாராக இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே எல்லாரும் நல்லவர்கள், படிவம் மட்டும் அப்படி.

பணம் கிடைத்துவிட்டது என்று இனிப்பு வாங்கிய பிறகுதான் எங்களால் அதைப் பெறவே முடியாது என்று தெரிந்தது. 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்களுடைய கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். ஆனால் அதை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், இத்தகைய பணியில் மூன்றாண்டு அனுபவமும், 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 என்ற பதிவு எண்ணும் வேண்டும். எங்களிடம் இருந்தது சங்கப் பதிவுச் சான்றும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கும்தான். கடைசியில், பல ஆண்டுகளாக மரம் நட்டுவரும் ஒரு சிறிய அறக்கட்டளை கைகொடுத்தது. பணம் அவர்கள் பெயரில், வேலையும் கணக்கும் எங்கள் பொறுப்பில். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: இந்தப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. "இவ்வளவு சிறிய தொகைக்கா?" என்றார்கள். சிறிய தொகைதான் மற்ற பணத்தோடு சுலபமாகக் கலந்து காணாமல் போகும்.

மொத்தம் 7,20,000 ரூபாய். 12 கிணறு, ஒன்றுக்கு 60,000. முதல் தவணை 60 சதவீதம், அதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால் மீதி. டிசம்பரில் ஒப்பந்தம், ஜனவரியில் பணம், மார்ச் 31-க்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். நிறுவனம் பணத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, அது உரிய வேலைக்குச் செலவானதா என்று அவர்களுடைய நிதி அதிகாரியும் சான்று அளிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவர்கள் அவசரத்தில் அர்த்தம் உண்டு. மழைக்கு மட்டும் நிதியாண்டு தெரியாது.

மதிப்பீட்டை நானும் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரும் உட்கார்ந்து போட்டோம். தோண்டும் கூலி, சிமெண்ட் உறை, ஜல்லி, வண்டலை வடிகட்டும் தொட்டி, குழாய், மூடி என எதையும் விடவில்லை என்று நினைத்தோம். மண்ணை விட்டுவிட்டோம். நான்கு அடி அகலம், இருபது அடி ஆழம் தோண்டினால் சுமார் 250 கன அடி மண் வெளியே வரும். வெளியே வந்ததும் அது உப்பும். மூன்றாவது கிணற்றின்போது பூங்காவின் நடைபாதையே செம்மண் மேடாகிவிட்டது. காலை நடைக்கு வருபவர்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. டிராக்டர் ஒரு நடைக்கு 550 ரூபாய். முடிவில் 34 நடை ஆனது, 18,700 ரூபாய். பட்டியலில் இல்லாத செலவு. ஆனால் ஒவ்வொரு மழையிலும் மண் அரித்து வடிகாலை அடைத்துக்கொண்டிருந்த வடக்குச் சரிவுக்கு அந்த மண்ணையே கொண்டுபோய் வரப்புக் கட்டி, வெட்டிவேர் நட்டோம். இதை எழுதி, மூன்று கடையின் விலைப்பட்டியலை இணைத்து, செய்வதற்கு முன்பே அனுமதி கேட்டேன். எட்டு நாளில் எழுத்தில் அனுமதி வந்தது. தொலைபேசியில் "செய்யுங்கள் மேடம்" என்று முதல் நாளே சொன்னார்கள். தொலைபேசியை ஆடிட்டரிடம் காட்ட முடியாது.

கிணறு வெட்டியவர்கள் மண் ஒட்டர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் கிணறு தோண்டுகிறவர்கள். குழுத் தலைவருக்கு அறுபது வயதிருக்கும், ஓசூர்ப் பக்கம் பெண் எடுத்தவர் என்பதால் நல்ல தமிழ். ஒரு பிடி மண்ணைக் கையில் நசுக்கிப் பார்த்து, இங்கே நீர் இறங்கும், அங்கே இறங்காது என்று சொல்வார். சனிக்கிழமை மாலை ஐந்து பேருக்கும் ரொக்கமாகக் கூலி. அதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு. எனக்குத் தெரிந்த கணக்கோ வேறு. ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அறக்கட்டளையின் கணக்கில் அது செலவாகவே ஏற்கப்படாது. ஒப்பந்தக் கூலி ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி, பிடிக்க வேண்டும்.

"சரி ஐயா, பான் அட்டை கொடுங்கள்" என்றேன். இருந்தது. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் ஆதாருடன் இணைக்காததால் அது செயலிழந்து கிடந்தது. செல்லாத பான் என்றால் பிடித்தம் 20 சதவீதம். ஐந்து ரூபாய்க்கு ஒரு ரூபாய்! அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டி இணைத்தோம். அது உயிர் பெற 30 நாள் வரை ஆகும் என்றது இணையதளம். அதுவரை அவருடைய முதல் பட்டியலை நிறுத்திவைத்து, குடியிருப்பில் நான்கு பேர் கைமாற்றாகக் கொடுத்துச் சமாளித்தோம். "அம்மா, உங்கள் பில்லைப் பார்த்தா நிலம் தண்ணீர் குடிக்கப்போகிறது?" என்று ஒரு நாள் கேட்டார். பதில் சொல்லாமல் வவுச்சரில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரையை ஒட்டிக் கையெழுத்துக்கு நீட்டினேன். கோபித்துக்கொள்ளாமல் போட்டார்.

புகைப்படத்தில் நான் கோட்டைவிட்டேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் இட விவரம் பதிவாகும் விதத்தில் முன், நடுவில், பின் என்று மூன்று படங்கள் வேண்டும். இரண்டு கிணறுகளுக்கு 'முன்' படம் எடுக்க மறந்துவிட்டோம். தோண்டிய குழிக்கு முன்படம் எங்கிருந்து வரும்? பக்கத்து இடத்தைப் படமெடுத்து அனுப்பலாம் என்று அன்போடு ஒருவர் யோசனை சொன்னார். படம் இல்லை, காரணம் எங்கள் மறதி என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இதே ஊரில் தோம்லூர் சொக்கநாதசுவாமி கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, யார் என்ன கொடை கொடுத்தார்கள் என்று. அந்தக் கொடையாளர்கள் ஒரு கல்லோடு திருப்தி அடைந்திருக்கிறார்கள்.

சரி, ஒன்பதாவது கட்டம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். பெங்களூருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். பூங்காவின் சமுதாயக்கூடக் கூரை 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். அந்த ஒரு கூரையில் மட்டும் ஆண்டுக்கு 90,000 லிட்டர் விழும், அதில் கொஞ்சம் வீணாகும். இதையெல்லாம் விளக்கி, 'எதிர்பார்ப்பு' என்று தலைப்பிட்டுத் தனித்தாளில் வைத்தேன். கட்டத்தில் சுழியம் எழுதினேன். மறுநாளே அழைப்பு வந்தது. "சுழியம் என்றால் திட்டம் தோல்வி போலத் தெரிகிறதே." இல்லை, பிப்ரவரி போலத் தெரிகிறது என்றேன். மழை முடிந்து நவம்பரில் உண்மையான அளவு தருவதாக எழுதிக்கொடுத்த பிறகு, மார்ச் 12 அன்று இரண்டாம் தவணை வந்தது.

மீதி ஐந்து கிணறு, பத்தொன்பது நாள். நான்கு முடிந்தன. பன்னிரண்டாவதில் பதினோராம் அடியில் பாறை. பெரியவர் கடப்பாரையை ஒரு முறை போட்டு, ஒலியைக் கேட்டு, ஏறி வந்துவிட்டார். வேறு இடம் பார்க்க வேண்டும், அதற்கு மறுபடி அனுமதி, மறுபடி எட்டு நாள். மார்ச்சில் அவ்வளவு நாள் மிச்சம் இல்லை. இதைப் பல ஆண்டுத் திட்டம் என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு முதலிலேயே முடிவெடுத்திருந்தால், செலவாகாத தொகையை ஏப்ரல் 30-க்குள் தனிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட்டிருக்கலாம். அதை நான் முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். மண் வேலைக்குப் பணம் கேட்கும் யாரும் அதை முதலில் கேளுங்கள்.

பன்னிரண்டாவது கிணற்றின் 60,000-இல் மண் நடைக்குப் போனது போக 41,300 ரூபாயும், கணக்கில் ஏறிய வட்டியும் மீதி. திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். சங்கக் கூட்டத்தில் அன்று நடந்ததைச் சண்டை என்றே சொல்லலாம். "வந்த பணத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? பெஞ்சு வாங்கிப் போடுங்கள், பெயின்ட் அடியுங்கள்." என் வீட்டுக்காரரே அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பாறை வரை தோண்டிய பதினோரு அடிக்கான கூலியையும், அந்தக் குழிக்கு இரும்புச் சட்டம் போட்ட செலவையும் சங்க நிதியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்ததில் அவர்களுக்கு இன்னும் எரிச்சல். முடிவுறாத கிணற்றுக்கு மானியத்தில் இடமில்லை. காசோலையை அனுப்பினேன். நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் கேட்டார்: "மேடம், இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது? இதுவரை யாரும் திருப்பித் தந்ததில்லை."

மே 18 இரவு கொட்டிய மழையில் பெங்களூரின் சாய் லேஅவுட் பகுதி மூழ்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மறுநாள் காலை அளவு நாடாவில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். நான்காம் கிணற்றில் தண்ணீர் மேலிருந்து ஒன்பதாம் அடியில் நின்றது. மூன்று நாள் கழித்துப் பதினான்காம் அடிக்கு இறங்கியிருந்தது. பாறைக் குழி விளிம்புவரை நிறைந்திருந்தது, வாரக்கணக்கில் இறங்கவே இல்லை. பூங்காத் தோட்டக்காரர் அதிலிருந்து வாளியில் மொண்டு வெட்டிவேருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

நவம்பர் வரை ஒவ்வொரு மழைக்கும் அளந்து, பதினோரு கிணற்றின் அடிக்கணக்கையும் அட்டவணையாக்கி அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது, அடியில் அல்லாமல் லிட்டரில் வேண்டுமாம். மூன்றடி உறைக்குள் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ 200 லிட்டர். ஒன்பதிலிருந்து பதினான்குக்கு 1,000 லிட்டர். மழை பெய்துகொண்டிருக்கும்போதே உள்ளே வந்து உள்ளேயே இறங்கிவிட்ட தண்ணீர் இந்தக் கணக்கில் வராது என்று அடியில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். குறிப்பு எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. தனித்தாள்தான்.