வலது கை எங்கிருந்து வருகிறது

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு மாதமாகக் குத்துச்சண்டைப் பயிற்சியில் வலது கைக் குத்து மட்டும் சரியாக விழவில்லை. "இடுப்பைத் திருப்பு" என்று வாத்தியார் தினமும் சொல்கிறார். திருப்பத்தான் செய்கிறேன். சத்தம் வருகிறது, குத்துப்பை அசைவதில்லை. இன்று கைத்துணியை அவிழ்க்கும்போது கேட்டே விட்டேன்: "இடுப்பு ஏன் திரும்பணும் வாத்தியாரே?" கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், "எல்லாரும் உட்காருங்கடா" என்றார்.

ஜூன் 4, புதன்

நேற்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். முதலில் கால்களைச் சேர்த்து நின்று சுவரைத் தள்ளச் சொன்னார். நான்தான் பின்னால் போனேன். ஒரு காலைப் பின்னால் வைத்துத் தள்ளியபோது நின்றேன். "நீ தள்ளுற அளவுக்குச் சுவரும் உன்னைத் தள்ளுது. அதைத் தாங்குறது எது?" பின்கால்.

காசிமேட்டு விசைப்படகில் வேலை செய்யும் தம்பி உடனே சொன்னான்: "கயிறு இழுக்கிறதும் அப்படித்தான் அண்ணா. கையால இழுத்தா தோள் போயிடும், காலை ஊணி இடுப்பால இழுக்கணும்." மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது தினமும் வருகிறான்.

என் தப்பு அங்கே பிடிபட்டது. பின்கால் குதிகாலைத் தரையில் அழுத்தியே வைத்திருக்கிறேன். இடுப்பு பாதியில் நின்றுவிடுகிறது, மீதியைத் தோள் செய்கிறது. குதிகால் எழும்பி வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். இன்று நாலைந்து குத்தாவது பையை ஆட்டின.

ஜூன் 8, ஞாயிறு

"பேசிக்கிட்டே இருந்தா கை வராது" என்று மூத்தவர் ஒருவர் கோபப்பட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வெள்ளிக்கிழமை தாடையை எப்படி மறைப்பது என்று அரைமணி நேரம் பேசினோம், யாருக்கும் வியர்க்கவில்லை. ஆனால் 1882-இல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பிடிப்பயிற்சியோடு விரிவுரையையும் கேள்வி பதிலையும் பாடமாகவே வைத்திருந்தார். எனக்கு அது சரியென்றே படுகிறது. "திருப்பு" என்ற சொல்லை வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் தனியாக நான் எதைத் திருத்துவேன்? காரணம் தெரிந்த பிறகு குதிகாலைப் பார்க்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

61 நாள் தடை நேற்று நள்ளிரவோடு முடிந்தது. தம்பி கடலுக்குப் போய்விட்டான். நேற்றுப் போகும்போது ஒரு கேள்வி கேட்டான்: முன்கால் தரையில் படும் அதே நொடியில் குத்தும் பட்டால் வேகம் கூடுமா, இல்லை கால் ஊன்றிய பிறகுதான் போட வேண்டுமா? வாத்தியார் பதில் சொல்லவில்லை. "ஆடுற படகுல நின்னு ரெண்டையும் போட்டுப் பாரு. வந்து சொல்லு."