பயிற்சி ஆசிரியருக்கு வழிகாட்டியா? முதலில் மதிப்பீட்டுப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்

பயிற்சி மாணவி ஒருவருக்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்த பருவம் ஒருவழியாக முடிந்தது. பாடக்குறிப்பு, கரும்பலகை, துணைக்கருவி எதிலும் அவர் குறை வைக்கவில்லை. எங்களைப் படுத்தி எடுத்தது மதிப்பீட்டுப் படிவம்தான்.

கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில், அவருடைய வகுப்புகளை நான் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று ஒரே வரி. எந்தப் படிவம், எத்தனை பாடம் என்று எதுவும் இல்லை. போனில் கேட்டால், "அப்புறம் அனுப்புறோம்." சரி என்று தேதி, பாடவேளை போட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தேன்.

அந்த நோட்டுக்கு மதிப்பு இருக்கிறது. ஒரு நாள் அதில் இப்படிக் குறித்தேன்: கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளைகள் யோசிப்பதற்குள் பயிற்சி மாணவியே பதிலைச் சொல்லிவிடுகிறார். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அன்று மாலை இதை மட்டும்தான் அவரிடம் பேசினேன். அடுத்த வகுப்பில், "ஆணி மூழ்குது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்குது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "கப்பலுக்குள்ள காத்து இருக்கே டீச்சர்" என்றான். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கல்லூரியின் மேற்பார்வையாளரோ தேர்வு நாளில் வந்து, வகுப்பே பார்க்காமல் திரும்பினார். (தேர்வு அட்டவணையை முன்கூட்டியே கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள்.) கடைசி வாரத்தில்தான் படிவக்கட்டு வந்தது. முழுக்க டிக் அடிக்கும் கட்டங்கள். நோட்டு செல்லாதாம், ஒவ்வொரு படிவத்திலும் பாடம் நடந்த நாளின் தேதி போட்டுக் கையெழுத்து வேண்டுமாம். பழைய தேதியில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் மதிப்பெண் அப்படியே நின்றது. கல்லூரி செய்த தாமதத்துக்கு அவர் ஏன் தவிக்க வேண்டும்?

வழி காட்டியவர் தலைமையாசிரியர். படிவத்தில் கையெழுத்துப் போடும் நாளின் தேதியையே போட்டு, பக்கத்தில் நோட்டின் பக்க எண்ணைக் குறிக்கச் சொன்னார். நோட்டின் நகலையும் வகுப்புக் கால அட்டவணையையும் இணைத்துச் சான்றுக் கடிதம் கொடுத்தார். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

பயிற்சி மாணவர் வந்து சேரும் நாளிலேயே படிவத்தைக் கேளுங்கள். கிடைக்கும்வரை தேதியோடு நோட்டில் எழுதி, அன்றன்றே இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.