"பிடிக்காதுன்னீங்களே டாக்டர்?"

கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே அந்த அழைப்பு வந்துவிட்டது. "டாக்டர், ஆடு நாய்க்குட்டி போட்டிருக்கு. உடனே வாங்க."

போய்ப் பார்த்தேன். மேல்தாடை வளராமல் முகம் சப்பையாக, கால்கள் குட்டையாக, ஒரு குட்டி செத்துக் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் கொட்டகைப் பக்கம் திரியும் நாயை முறைத்துக்கொண்டிருந்தார்கள். பிறவிக் குறைபாடு என்றேன், நம்பவில்லை. வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள், நாய்க்கு 63 நாள் என்றேன். மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் ஆட்டுக்கு 60, நாய்க்கு 78 என்றேன். யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் குட்டியின் காலைத் தூக்கிக் காட்டினேன். "நாய்க்கு ஏது குளம்பு?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் கலைந்தது.

அந்த வெற்றி தலைக்கேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வேறு வேறு விலங்குகள் சேர்ந்தால் கரு தரிக்காது என்பதை மந்திரம் போலச் சொல்லத் தொடங்கினேன். செம்மறியையும் வெள்ளாட்டையும் ஒரே பட்டியில் அடைப்பவர் ஒருவர், செம்மறிக் கிடா தன் வெள்ளாட்டுடன் சேர்ந்துவிட்டது என்று வந்தபோதும் அதையே சொன்னேன். "ஒன்னும் ஆகாது. சினை பிடிக்காது."

ஆட்டுக்கு அடுத்த சினைப்பருவம் வரவில்லை. ஸ்கேன் செய்தால், கருவின் இதயம் துடிக்கிறது! அந்தப் பட்டியில் வெள்ளாட்டுக் கிடாவே கிடையாது. இரண்டாம் மாத முடிவில் ஆடு கருவை வீசிவிட்டது. "பிடிக்காதுன்னீங்களே டாக்டர்?" என்று அவர் கேட்டது கோபத்தில் அல்ல, தெரிந்துகொள்ளத்தான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதன்பிறகே ஒழுங்காகப் படித்தேன். குரோமோசோம் வெள்ளாட்டுக்கு 60, செம்மறிக்கு 54, கலப்புக் கருவுக்கு 57. பெண் வெள்ளாட்டோடு செம்மறிக் கிடா சேர்ந்தால் சினை பிடிப்பது சகஜம். நஞ்சுக்கொடி தாக்குப்பிடிக்காமல் கரு பெரும்பாலும் இரண்டாம் மாதவாக்கில் இறந்துவிடும். அபூர்வமாக உயிரோடு பிறப்பதும் உண்டு. 2000ஆம் ஆண்டு போட்ஸ்வானாவில் அப்படி ஒரு குட்டி பிறந்து, 57 குரோமோசோம் இருப்பது சோதனையில் உறுதியானது.

தடை ஒரே இடத்தில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாயும் ஆடும் தொடக்கத்திலேயே நின்றுவிடும். வெள்ளாடும் செம்மறியும் கருப்பை வரை போய்த் தோற்கும். குதிரையும் கழுதையும் எல்லாவற்றையும் தாண்டிக் கோவேறு கழுதையையே பெற்றுவிடும். ஆனால் குதிரையின் 64 குரோமோசோமுக்கும் கழுதையின் 62க்கும் நடுவில் அதற்கு வாய்த்தது 63. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது அவை சரியாக ஜோடி சேராததால், மிக அரிதான சில பெட்டைகளைத் தவிர, அதற்கு வாரிசு இல்லை. அதற்காக எண்ணிக்கை ஒத்துப்போனால் போதும் என்றும் சொல்ல முடியாது. பூனைக்கும் பன்றிக்கும் 38தான்.

என்னை உலுக்கியது ஓர் ஆய்வகச் சோதனை. ஹாம்ஸ்டர் எனும் வெள்ளெலியின் கருமுட்டையில் மேலுறையை நீக்கிவிட்டால் மனித விந்தணுகூட உள்ளே நுழையும். மலட்டுத்தன்மைப் பரிசோதனையாகவே அதைப் பயன்படுத்தினார்கள். கரு வளராது, அது வேறு விஷயம். ஆனால் வாசலில் நிற்கும் காவல் அந்த மெல்லிய உறைதான் என்று படித்த அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

2020இல் ஹங்கேரியிலிருந்து வந்த செய்தி எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ரஷ்ய ஸ்டர்ஜன் மீனின் முட்டை தானாகவே வளரத் தூண்டிவிட மட்டும், அதனோடு சேராது என்று நம்பி, அமெரிக்கத் துடுப்புமீனின் விந்தைக் கலந்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் கலப்புக் குஞ்சுகள் பொரித்துவிட்டன. இரண்டின் மூதாதையரும் பிரிந்து ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகள் ஆகின்றன! இவ்வகை மீன்களில் மரபணு மாற்றம் மிக மெதுவாக நடப்பது ஒரு காரணம் என்கிறார்கள். முட்டை தண்ணீரிலேயே வளர்வதால், கருப்பை என்ற கண்டிப்பான சோதனையும் அங்கே இல்லை.

இப்போதும் வாட்ஸ்அப்பில் படம் வரும்: வால் இல்லாமல், பின்னங்காலால் தத்தித் தத்திப் போகும் பூனை. "முயலோடு சேர்ந்ததா டாக்டர்?" இல்லை, வாலையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் மரபணுக் கோளாறு என்று தயங்காமல் பதில் போடுவேன். செம்மறிக் கிடாவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எதற்கும் பிரித்துக் கட்டுங்கள்" என்கிறேன்.